பித்தளைப் பொத்தான் போட்ட பையன்



சார்லி சாப்ளின் என்று சொன்ன மாத்திரத்தில் நம் கண் முன்னால் வந்து நிற்பது ஒரு சின்னத் தொப்பி, கைத்தடி, தொளதொளத்த பேண்ட், ஆளுக்குப் பொருந்தாத பெரிய பூட்ஸ். 1986-ல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் கமல் சாப்ளின் செல்லப்பாவாக வந்து கலக்கியதும் அந்த வேஷத்தில்தான். நம்ம ஆண்டு விழாவில் யாராவது ஒருத்தன் மூக்குக்குக் கீழே மை தடவிக்கொண்டு மேடையில் தத்தித் தத்தி நடந்தால் போதும், கடைசி பெஞ்சு வரைக்கும் விசில் பறக்கும்!

அந்த வேஷம் பிறந்தது 1914-ல். அதற்குப் பதினோரு வருஷம் முன்னாலேயே, 1903-ல், பதினாலு வயசுப் பையனாக அவர் லண்டன் மேடையில் கைதட்டல் வாங்கிவிட்டார். அப்போது அவர் உடம்பில் இருந்தது ஒரு யூனிபார்ம். கழுத்து வரை மூடிய குட்டைக் கோட்டு. மார்பு முழுக்க நெருக்கமாகப் பித்தளைப் பொத்தான்கள். பெரிய ஓட்டல் வாசலில் நின்று பெட்டி தூக்குகிற பையன் போட்டிருப்பானே, அந்த உடுப்புக்கு நேர் தாத்தா.

மலரில் ஒரு பெரியவர் வாழ்க்கை வருவது நம்ம வழக்கம். விசுவேசுவரய்யா, எடிசன், ஜி.டி. நாயுடு என்று எழுதுவார்கள். நான் சாப்ளினை எடுத்துக்கொண்டேன். அவர் எடுத்த படங்களை விட, அவர் போட்டுக்கொண்ட உடுப்புகளையும், மற்றவர்கள் அவருக்குப் போட்டுவிட்ட உடுப்புகளையும் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ல் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் மேடைப் பாடகர்கள். அப்பா குடியில் விழுந்து குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா ஹானாவுக்குக் குரல் கெட்டு, மேடை வாய்ப்பும் போயிற்று. அண்ணன் சிட்னி நாலு வயசு மூத்தவன். அந்த அம்மா வீட்டிலேயே துணி தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றப் பார்த்தார். தவணைக்கு எடுத்த தையல் மிஷினைப் பணம் கட்டவில்லை என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தையல் தெரிந்தவர் என்பதால், தான் மேடையில் போட்ட பழைய வெல்வெட் கோட்டை வெட்டிச் சிட்னிக்குச் சட்டையாக்கினார். கையெல்லாம் சிவப்பும் கறுப்புமாகக் கோடு! தன்னுடைய சிவப்பு நாட்டிய உடுப்பை வெட்டிச் சின்னவனுக்குக் காலுறை. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனபோது என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்து ஓட்டித் தள்ளிவிட்டார்கள். சிட்னி அதைப் போட மாட்டேன் என்று அழுதிருக்கிறான்.

அப்புறம் வந்தது இன்னும் மோசமான உடுப்பு. 1896-ல் வாடகைக்கும் வழியில்லாமல் மூன்று பேரும் லாம்பெத் என்ற பகுதியில் இருந்த ஏழைகள் விடுதிக்குப் போனார்கள். அங்கே போனால் முதல் காரியம், சொந்தத் துணியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு விடுதித் துணியைக் கொடுப்பது. பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். கொஞ்ச நாள் கழித்து அம்மாவைப் பார்க்க விட்டபோது, விடுதி உடுப்பில் வந்த அம்மா ஒரேயடியாய் வயசானவளாய்த் தெரிந்தாள் என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஏழு வயசுப் பிள்ளைக்கு அம்மாவை அடையாளம் மாற்றிக் காட்டுவதற்கு ஒரு துணி போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒரு நாள் அந்த அம்மா ஒரு வேலை செய்தார். விடுதியை விட்டுப் போகிறோம் என்று சொல்லிச் சொந்தத் துணிகளைத் திரும்ப வாங்கினார். கிருமி போவதற்காகப் புகை காட்டி, மடிப்புக்கூட எடுக்காமல் கசங்கிக் கிடந்த துணிகள். அதைப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் கென்னிங்டன் பூங்காவுக்குப் போனார்கள். சிட்னியிடம் இருந்த ஒன்பது பென்னியில் கொஞ்சம் செர்ரிப் பழம். பழைய பேப்பரைச் சுருட்டிப் பந்து கட்டி விளையாடினார்கள். சாயங்காலம் நேராக விடுதிக்கே திரும்பிவந்து மறுபடி பேர் பதிந்துகொண்டார்கள்! விடுதிக்காரர்களுக்குக் கோபம். எல்லாத் துணிக்கும் மறுபடி புகை காட்ட வேண்டுமே. பிள்ளைகளோடு சொந்தத் துணியில் ஒரு பகல் இருக்க அந்த அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. சாப்ளின் படம் ஒன்றுமே பார்க்காதவர்களுக்கும் இந்த ஒரு சம்பவம் போதும் என்பது என் எண்ணம்.

சிட்னி கொஞ்சம் வளர்ந்ததும் தந்தி கொண்டு போகிற பையனாகச் சேர்ந்தான். அதற்கு யூனிபார்ம் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் அவன் அதையே போட்டுக்கொண்டு திரிய வேண்டியிருந்தது, வேறு உடுப்பு இல்லை. தெருப் பையன்கள் கிண்டல். அம்மா எப்படியோ 18 ஷில்லிங் புரட்டி ஒரு நீலக் கோட்டு சூட்டு வாங்கிக் கொடுத்தார். அதில்தான் வேடிக்கை. திங்கட்கிழமை காலை அவன் யூனிபார்மில் வேலைக்குப் போனதும் சூட்டு அடகுக் கடைக்குப் போகும், 7 ஷில்லிங்குக்கு. சனிக்கிழமை மீட்டு வருவார்கள். ஞாயிறு போடுவான். மறுபடி திங்கள், மறுபடி அடகு. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடி, சூட்டு நூல் தெரிய நைந்து போனபோது கடைக்காரர் 3 ஷில்லிங்குக்கு மேல் தரமாட்டேன் என்றுவிட்டார். வாரம் ஐந்து நாள் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்த நீலச் சூட்டு. அதை அடகு வைக்க முடிந்ததே யூனிபார்ம் இருந்ததால்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியும்.

அப்பா 1901-ல் குடியால் இறந்தார், வயசு 38. கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு சின்னவன் சாராயக் கடை வாசல்களில் பூ விற்றான். கறுப்புத் துணியைப் பார்த்தவர்கள் இரக்கப்பட்டு வாங்கினார்கள். அம்மாவுக்குத் தெரிந்ததும் அந்த வியாபாரம் நின்றது. துணிக்கு என்ன சக்தி என்பதை அவன் பன்னிரண்டு வயசிலேயே தெரிந்துகொண்டான்.

அடுத்தது வரிசையாக வேலைகள். முடிதிருத்தும் கடையில் சோப்பு நுரை போடுகிற பையன். கண்ணாடி ஊதுகிற பட்டறையில் ஒரே ஒரு நாள், சூடு தாங்காமல் மயக்கம். ஓர் அச்சகத்தில் வார்ஃப்டேல் மிஷின். நம்ம மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது பிடிக்கும்: அந்த அச்சு மிஷின் இருபது அடி நீளம், இவன் உயரம் எட்டவில்லை. ஓட்டத் தெரியும் என்று துணிந்து புளுகி வேலைக்குச் சேர்ந்தான், வாரம் 12 ஷில்லிங். மூன்று வாரம் தாக்குப்பிடித்தான். இதற்கு முன்பே டாக்டர்கள் வீட்டில் ‘பேஜ் பாய்’ வேலையும் பார்த்திருந்தான். பேஜ் பாய் என்றால் கதவு திறக்கிற, சீட்டு கொண்டுபோகிற, கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற பையன். அந்தப் பெரிய வீட்டின் நிலவறையில் எட்டடி நீளக் குழாய் ஒன்று கிடந்தது. எடுத்து எக்காளம் மாதிரி ஊதிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கார அம்மா வந்துவிட்டார். மூன்றே நாளில் வேலை போயிற்று.

இந்தப் பேஜ் பாய் உடுப்பின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரபுக்கள் வீட்டில் வேலைக்காரனுக்கு வீட்டு நிறத்தில் உடுப்புக் கொடுப்பது ஐரோப்பாவில் பழைய பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சின்னப் பையன்களுக்குப் பட்டாளத்துக் குட்டைக் கோட்டின் சாயலில் தைக்க ஆரம்பித்தார்கள். ஹங்கேரி நாட்டுக் குதிரைப்படையின் கயிறு வேலையும் பொத்தான் வரிசையும் அப்போது எல்லாருக்கும் மோகம். கோட்டு குட்டையாக இருந்தால் படியேறி ஓடத் தடுக்காது. ஆனால் அத்தனை பொத்தான் எதற்கு? மூட நாலு போதும். மீதி, எசமானுக்கு வசதி இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட. பையனின் பேர்கூட யாரும் கேட்பதில்லை, ‘பட்டன்ஸ்’ என்றே கூப்பிட்டார்கள். பெரிய பெரிய ஓட்டல்கள் வந்தபோது, வருகிறவனைப் பிரபு மாதிரி உணரவைக்க வேண்டும் அல்லவா, அதே உடுப்பு ஓட்டலுக்கு வந்துவிட்டது. தலையில் மாத்திரை டப்பா வடிவத்தில் ஒரு குட்டித் தொப்பி, தாடைக்கு வார். அதுவும் பிரிட்டிஷ் சிப்பாய் ஓய்வு நேரத்தில் சாய்த்து வைத்துக்கொண்ட தொப்பிதான். அமெரிக்காவில் மேசை மணியைத் தட்டினால் துள்ளி ஓடி வருகிறவன் என்பதால் ‘பெல் ஹாப்’ ஆனான்.

நம்ம பக்கம் மட்டும் என்ன! கலெக்டர் ஆபீசில் டவாலியும் தலைப்பாகையும் பார்த்திருக்கிறோம். பழைய வெள்ளைக்கார ஓட்டல்களில் பேரருக்கு வெள்ளைக் கோட்டு, இடுப்பில் பட்டை, தலைப்பாகை. பாண்டிச்சேரி போலீஸ்காரர் தலையில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சிவப்புத் தொப்பி. கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர் போடுகிற சிவப்புக் கோட்டும் தங்கக் கயிறும்கூட அதே பட்டாளத்துச் சொந்தம்தான். கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு கால்ஃபேஸ் ஓட்டலில் குட்டன் என்று ஒருவர் இருந்தார். கேரளத்தில் பிறந்து 1938-ல் இலங்கைக்குப் போனவர். 1942-ல் அந்த ஓட்டலில் சேர்ந்து, வெள்ளை யூனிபார்மும் வெள்ளை மீசையுமாக வாசலில் கைகூப்பி நின்று, 2014-ல் 94 வயதில் இறக்கும் வரை அந்த வேலையிலேயே இருந்தார். உலகத் தலைவர்கள் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எழுபது வருஷம் ஒரே வாசல்!

இப்போது நான் என் காரணத்தைச் சொல்லலாம். நான் பொம்மையார்பாளையத்துக்காரன். வடக்கே போனால் மரக்காணம் உப்பளம், தெற்கே பாண்டி, நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை. சனி ஞாயிறு வந்தால் சென்னைக் கார்களும் பெங்களூர்க் கார்களும் வரிசை கட்டும். எங்க ஊர்ப் பையன்கள் சிலர் அந்த இரண்டு நாளும் சாலையோர ஓட்டல்களில் பெட்டி தூக்கப் போவோம். எனக்குக் கொடுத்தது மெரூன் கலர் கோட்டு, இரண்டு வரிசைப் பொத்தான். பித்தளை இல்லை, தங்கப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக். எனக்கு முன்னால் இருந்த அண்ணனுக்குத் தைத்த கோட்டு அது. அவர் தோள் அகலம், எனக்கு உள்ளே சேஃப்டி பின் குத்தியிருக்கும். பாக்கெட் இருக்கிற மாதிரி மேலே ஒரு தையல் கோடு உண்டு, உள்ளே விரல் போகாது. மே மாசத்தில் கடல் காற்றும் வியர்வையும் சேர்ந்து காலர் உப்பளமாகவே ஆகிவிடும். வகுப்பில் எனக்குப் பேண்டு மாஸ்டர் என்று பேர் வைத்திருப்பது உங்களுக்கே தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு சனிக்கிழமை நம்ம கல்லூரி நண்பன் ஒருவன் குடும்பத்தோடு வந்தான். அவர்கள் பெட்டியை நான்தான் இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, சாவியை அவன் கையிலேயே கொடுத்தேன். ஒரு முழம் தூரம். அவன் என்னைத் தெரியாதவன் மாதிரி நடித்தான் என்று சொல்லமாட்டேன். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவன் கண் கோட்டோடு நின்றுவிட்டது. அன்று ராத்திரிதான் சாப்ளின் ஞாபகம் வந்தது.

கதைக்கு வருவோம். 1903-ல் அம்மாவுக்கு மனநிலை பாதித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. சிட்னி கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். பதினாலு வயசுப் பையன் தன்னந்தனியாக, வீட்டுக்காரி கண்ணில் படாமல் பதுங்கித் திரிந்தான். அண்ணன் திரும்பி வந்த பிறகு நாடகக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட் ஆபீசில் பேர் கொடுத்து வைத்திருந்த பலன் கிடைத்தது. ஷெர்லக் ஹோம்ஸ் நாடகத்தில் பில்லி என்ற பேஜ் பாய் வேஷம். துப்பறிகிறவர் வீட்டில் கதவு திறக்கிற பையன். சம்பளம் வாரம் 2 பவுன் 10 ஷில்லிங். ஐம்பது ஷில்லிங்! அச்சகத்தில் கொடுத்ததைப் போல நாலு மடங்குக்கு மேல். கையில் வசனத்தாளைக் கொடுத்ததும் அவனுக்குப் பயம், இந்த இடத்திலேயே படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று. எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். சிட்னி உட்கார்ந்து படித்துக் காட்ட, மூன்று நாளில் மனப்பாடம்.

முதலில் சில நாள் வேறொரு நாடகத்தில் பேப்பர் விற்கிற பையனாக நடித்தான். பிறகு 1903 ஜூலையில் பொத்தான் கோட்டை மாட்டிக்கொண்டு பில்லியாக மேடை ஏறினான். 1906 வரைக்கும் ஊர் ஊராக அந்தக் கோட்டில்தான் வாழ்க்கை. 1905-ல் லண்டனின் பெரிய நாடக அரங்கிலேயே பில்லியாக நின்றான். அந்த உடுப்பில் எடுத்த போட்டோ இன்றைக்கும் இருக்கிறது. நிஜ வீட்டில் போட்டபோது குழாய் ஊதியதற்காக விரட்டப்பட்ட பையன், அதே மாதிரிக் கோட்டை மேடையில் போட்டபோது பத்திரிகைகள் பாராட்டின. கோட்டு ஒன்றுதான். இங்கே அவன் என்ன செய்கிறான் என்று ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

(இனிமேல் அவர் என்றே எழுதுகிறேன். பையன் வளர்ந்துவிட்டார்.)

1908-ல் ஃபிரெட் கார்னோ நாடகக் கம்பெனி. 1910-ல் அவர்களோடு அமெரிக்கா. 1913-ல் கீஸ்டோன் சினிமாக் கம்பெனி வாரம் 150 டாலருக்குக் கூப்பிட்டது. 1914 தொடக்கத்தில் ஒரு நாள், ஏதாவது வேடிக்கை வேஷம் போட்டு வா என்று சொன்னார்கள். எல்லாமே ஒன்றுக்கொன்று முரணாக இருக்கட்டும் என்று தீர்மானித்தார்: பேண்ட் பெரிசு, கோட்டு இறுக்கம், தொப்பி சிறிசு, பூட்ஸ் பெரிசு. சினிமா ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு ஆயிரம் விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்தவன் உடுப்பைப் போட்டு வளர்ந்தவனுக்கு அந்த அளவுகள் தெரியும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த வேஷத்தில் அவர் முதன்முதல் கேமரா முன்னால் போய் நின்ற காட்சி எங்கே நடக்கிறது? ஓட்டல் முன்கூடத்தில்! ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிக்கமெண்ட்’ என்ற சின்னப் படம். காசில்லாத ஒரு கந்தல் ஆசாமி விருந்தாளி மாதிரி உள்ளே நுழைகிறான். ஒரு பெண்மணியின் காலில் இடறித் தொப்பியைத் தூக்கி மன்னிப்புக் கேட்கிறான். அடுத்தாற்போல எச்சில் பாத்திரத்தில் இடறி, அதற்கும் தொப்பியைத் தூக்குகிறான். ஒரு காலத்தில் அந்த மாதிரி இடத்தில் கதவு திறந்துவிட்டவன் இப்போது கதவு திறக்காமலே உள்ளே வந்துவிட்டான். படப்பிடிப்பு பார்க்க மற்ற நடிகர்களும் தச்சர்களும் கூடிச் சிரித்தார்களாம்.

அதற்கப்புறம் ஏறுமுகம். 1916-ல் ஒரு வருஷத்துக்கு 670,000 டாலர் ஒப்பந்தம், வயசு 26. அந்த வருஷங்களில் எடுத்த ‘தி ரிங்க்’ படத்தில் ஓட்டல் சர்வர். ‘ஈஸி ஸ்ட்ரீட்’டில் போலீஸ் உடுப்பு. 1917-ல் வந்த ‘தி க்யூர்’ ஓர் ஆரோக்கிய விடுதியில் நடக்கிறது. அவர் கழித்துப்போட்ட படச்சுருள்களை 1983-ல் ஒரு டாக்குமெண்டரிக்காகத் தேடி எடுத்தபோது, முதலில் அவர் விடுதிப் பணியாள் உடுப்பில் சக்கர நாற்காலி தள்ளுகிறவராகவே நடித்துப் பார்த்திருப்பது தெரிந்தது. பிறகுதான் மனசு மாறிக் குடிகார விருந்தாளியானார். திரும்பத் திரும்ப அந்தக் கோட்டுப் பக்கம் போய் வந்திருக்கிறார் மனுஷன். 1964-ல் நம்ம நாகேஷ் ‘சர்வர் சுந்தர’த்தில் ஓட்டல் சர்வராக இருந்து சினிமாக் காமெடியனாகும் கதையில் நடித்தாரே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பில்லி ஞாபகம்தான்.

1921-ல் ஒன்பது வருஷம் கழித்து லண்டனுக்குத் திரும்பினார். ரயில் நிலையத்திலிருந்து வழியெல்லாம் ஜனம். தங்கியது ரிட்ஸ் ஓட்டலில். பித்தளைப் பொத்தானும் வெள்ளைக் கையுறையும் எதற்குப் பேர்போனதோ அந்த மாதிரி இடம். அங்கே வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் யாருக்கும் தெரியாமல் பின்பக்கமாக நழுவி டாக்சி பிடித்தார். போன இடம் கென்னிங்டன். பழைய தெரு, தாங்கள் மூன்று பேரும் குடியிருந்த மாடி அறை. அரண்மனை மாதிரி ஓட்டலை விட்டு அந்த இருட்டுப் படியில் ஏறி நின்றிருக்கிறார்.

1931-ல் மறுபடி லண்டன். வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்தியை, கேனிங் டவுன் என்ற தொழிலாளர் பகுதியில் ஒரு டாக்டர் வீட்டில் சந்தித்தார். தேதி செப்டம்பர் 22. சரியாகப் பத்து வருஷம் முன்னால், 1921 செப்டம்பர் 22-ல்தான், நம்ம மதுரையில் காந்தி மேலுடுப்பைக் களைந்து அரை வேட்டிக்கு மாறினார். உடுப்பால் உலகம் முழுக்க அடையாளம் தெரிந்த இரண்டு பேர் ஓர் அறையில்! பேச்சு மிஷின்களைப் பற்றி. மிஷின் மனுஷனை உழைப்பிலிருந்து விடுவிக்காதா என்பது சாப்ளின் கட்சி. இந்தியா முதலில் இங்கிலாந்தின் பிடியிலிருந்து விடுபட வேண்டும், அதற்குத் துணியிலும் சோற்றிலும் தற்சார்பு வேண்டும் என்பது காந்தி கட்சி. 1936-ல் ‘மாடர்ன் டைம்ஸ்’ வந்தது. ஓடுகிற பெல்ட்டில் நட்டு முறுக்கி முறுக்கிக் கை நிற்காமல் போகிற தொழிலாளியும், சாப்பாடு ஊட்டுகிற மிஷினும் நம்ம ஒர்க்‌ஷாப்பில் மாட்டி வைக்க வேண்டிய காட்சிகள். அந்தப் படத்தின் கடைசியிலும் அவர் சர்வர்தான். பாட்டு எழுதின சட்டைக் கை கழன்று பறந்துவிட, அர்த்தமில்லாத பாஷையில் பாடி அசத்துகிறார்.

அவர் படங்களிலேயே எனக்குப் பெரிசு 1940-ல் வந்த ‘தி கிரேட் டிக்டேட்டர்’. ஹிட்லர் இவரை விட நாலே நாள் இளையவன், மீசையும் ஒன்று. படத்தில் இரண்டு வேஷம்: மார்பு கொள்ளாத பதக்கங்களோடு சர்வாதிகாரி, மற்றவர் ஓர் ஏழை யூத முடிதிருத்துகிறவர். சர்வாதிகாரி சாதாரண உடுப்பில் வாத்து வேட்டைக்குப் போகிறான். அவனுடைய காவலர்களே அவனைத் தப்பியோடிய கைதி என்று அடித்து இழுத்துப்போகிறார்கள். சிறைமுகாமிலிருந்து ராணுவ உடுப்பில் தப்பி வந்த முடிதிருத்துகிறவருக்கு மொத்தப் பட்டாளமும் சல்யூட் அடிக்கிறது. முகம் ஒன்றே. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு முழம் தூரத்தில் நின்று சாவி கொடுத்த எனக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு வரக் கொஞ்சம் தாமதமாயிற்று.

1952-ல் லண்டனுக்குக் கப்பலேறியதும் அமெரிக்கா அவர் திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்துவிட்டது. இடதுசாரி என்று சந்தேகம். சுவிட்சர்லாந்தில் குடியேறினார். 1972-ல் அதே அமெரிக்கா கூப்பிட்டு கௌரவ ஆஸ்கார் கொடுத்தது. 1975-ல் சக்கர நாற்காலியில் போய் இங்கிலாந்து ராணியிடம் சர் பட்டம் வாங்கினார்.

இதற்கு நடுவில் 1967-ல் ‘எ கவுண்டஸ் ஃப்ரம் ஹாங்காங்’ என்று ஒரு படம் டைரக்ட் செய்தார். மார்லன் பிராண்டோவும் சோபியா லாரனும் நடித்தும் ஓடவில்லை. நானும் அதை நல்ல படம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒரு நிமிஷம் அவரே வருகிறார். கப்பலில் அறைப் பணியாள். வயசான ஸ்டூவர்டு. கப்பல் ஆட்டத்தில் தலை சுற்றிக்கொண்டு கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். உலகத்துக் கோடீஸ்வரர்களில் ஒருத்தர், 77 வயசு, தன் படத்தில் என்ன வேஷம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டிருக்கலாம். போட்டுக்கொண்டது பணியாள் யூனிபார்ம். சினிமாவில் அவர் நடித்த கடைசி வேஷம் அதுதான்.

1977 டிசம்பர் 25-ல் தூக்கத்தில் உயிர் பிரிந்தது. வயசு 88. கதை அதோடு முடியவில்லை. 1978 மார்ச்சில் கல்லறையைத் தோண்டிச் சவப்பெட்டியையே திருடிக்கொண்டு போய்விட்டார்கள்! பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று போன் வேறு. சாப்ளின் மனைவி ஊனா ஒரு காசு தரமாட்டேன் என்று உறுதியாக நின்றார். போலீஸ் டெலிபோன் பூத்துகளைக் கண்காணித்து மே மாசம் இரண்டு பேரைப் பிடித்தது. இரண்டு பேரும் வேலை கிடைக்காமல் திண்டாடிய கார் மெக்கானிக்குகள். ஆட்டோமொபைல் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நடந்ததைத்தான் சொல்கிறேன். சோளக்கொல்லையில் புதைத்து வைத்திருந்த பெட்டியை எடுத்து வந்து, பழைய இடத்திலேயே இறக்கி, இந்த முறை மேலே கனமாகக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள்.